இல்லாத சுவிட்ச்

அத்தியாயம் ஒன்பது

“வலது சிக்னல் போட்டிருக்கேன், பாரு.”

“பின்னால மினுங்குதுங்க்கா. முன்னாலயும் மினுங்குது.”

“இப்ப இடது.”

சாமுவேல் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். “பின்னால நல்லா இருக்குதுங்க. முன்னால செத்துப்போச்சு” என்று சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். இந்த வீட்டில் சொல்லக் கூடாத வார்த்தை அது. நல்லவேளை, கேட்க யாருமில்லை. ஷெட்டைச் சுற்றிலும் கறிவேப்பிலைக் காடு. அதன் வாசம் மட்டும் உள்ளே வந்து போய்க்கொண்டிருந்தது.

ராமாமணி டிரைவர் சீட்டிலிருந்து இறங்கினாள். அவளுக்கு ஐம்பது தாண்டியிருந்தது. நெற்றியில் ஒரு கீற்றுத் திருநீறு, தோளில் ஒரு சணல் பை. இன்சூரன்ஸ் கம்பெனியில் விபத்துக் கோரிக்கைகளைச் சரிபார்க்கும் வேலையை விட்டுவிட்டு, சிங்காநல்லூரில் ஒரு மாவு மில்லின் மாடியில் துப்பறியும் நிலையம் வைத்திருக்கிறாள். வாசலில் செருப்பை விடும்போதே சாமி கும்பிடும் பழக்கம் அவளுக்கு. தப்பு செய்தவன் வீடாக இருந்தாலும் அப்படித்தான்.

சாமுவேல் அவளுடைய உதவியாளன். அதற்கு முன்னால் ரெண்டு வருஷம் ரேடியோ ரிப்பேர் கடையில் இருந்து, ஊரில் ரிப்பேரான ரேடியோக்களின் எண்ணிக்கையைக் கூட்டியவன்.

“ஏனுங்க்கா, திருடன் ‘நான் திருடல’ன்னு சொல்லுவான். நாம புடிப்போம். அது கேசு. இவரு ‘நான்தான், நான்தான்’னு கையை நீட்டுறாரு. இவரை எதுக்குங்க நாம புடிக்கோணும்?”

“அதையேதாண்டா கண்ணு பாப்பாயம்மாவும் கேட்டுச்சு.”

பாப்பாயி மாவு மில் மாடியேறி வந்து கேட்ட கேள்வி சாமுவேலுக்கு அப்படியே நினைவிருந்தது. “குத்தம் செய்யலைன்னு பொய் சொல்றவங்களைத்தானுங்க நீங்க புடிப்பீங்க. எங்கூட்டுக்காரரு குத்தம் செஞ்சேன்னு பொய் சொல்றாருங்க. அதுக்கு ஏதாச்சும் வழி இருக்குதுங்களா அம்மணி?”

நடந்தது இதுதான். காரமடைக்கு வெளியே நாலு ரோடு சேரும் முக்கு ஒன்று உண்டு. மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், பாப்பாயியின் கணவர் அப்புசாமி தன் பழைய வெள்ளைக் காரை அந்த முக்கில் வலது பக்கம் திருப்பினார். பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்தவன் அதே நேரத்தில் வலது பக்கமாக முந்தினான். கார்க் கதவில் மோதி விழுந்தான். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போயிற்று. ஓடிப்போய்ப் பார்த்த பிறகுதான் அப்புசாமிக்கு அது யாரென்று தெரிந்தது. அவருடைய ஒரே மகள் நந்திதாவின் கணவன், எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை பார்த்த கிருபாசங்கர்.

மூன்று வாரம் அப்புசாமி ஒரே பேச்சில் நின்றார். “ரங்கநாதர் மேல சத்தியமா நான் வலதுக்கு சிக்னல் போட்டேன்.” யாரும் நம்பவில்லை. நந்திதா நம்பவே இல்லை. பிறகு போலீஸார் காரைத் திருப்பிக் கொடுத்தார்கள். அன்று இந்த ஷெட்டுக்குள் போன அப்புசாமி பொழுது சாயும்போதுதான் வெளியே வந்தார். வந்தவர் சொன்னது வேறு. “நான் சிக்னல் போடல. மறந்துபோட்டேன். தப்பு எம்மேலதான்.”

வரும் திங்கட்கிழமை மேட்டுப்பாளையம் கோர்ட்டில் அதையே சொல்லப் போகிறார். நந்திதாவோ இன்று பொழுதோடு சத்தியமங்கலத்தில் மாமியார் வீட்டுக்குப் புறப்படுகிறாள். இனி இந்த வாசலை மிதிப்பதில்லை என்று அம்மாவிடம் சொல்லிவிட்டாள். அப்பாவிடம் அதையும் சொல்லவில்லை. அந்த மாசி மாதத்துக்குப் பிறகு அவள் அவரை அப்பா என்று கூப்பிட்டதே இல்லை.

“இந்த ஷெட்டுக்குள்ள அன்னிக்கு என்னமோ நடந்திருக்குது, சாமு” என்றாள் ராமாமணி. “காரைப் பாரு. எங்கே தொட்டாலும் விரல் பதியுது. அவ்வளவு தூசி. ஆனா பின்னால ரெண்டு லைட்டு மூடி மட்டும்?”

சாமுவேல் குனிந்து பார்த்தான். மூடிகள் துடைத்து வைத்த மாதிரி இருந்தன. திருகாணிகளில் புதுக் கீறல்.

“கழட்டி மாட்டியிருக்காங்க” என்றான். பிறகு டாஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்தவன் அங்கிருந்தே கூவினான். “அக்கா, இங்கயும் ஒரு அதிசயம். சிக்னலை மினுக்க வைக்கிற பிளாஷர் டப்பா. பழைய காருக்குப் பழைய தகர டப்பாதான இருக்கோணும்? இது புத்தம் புதுசு. மஞ்சள் டேப்பு சுத்தி, புள்ளையாருக்கு மாலை போட்ட மாதிரி அழகா மாட்டியிருக்குது. வண்டியை விக்கிற விலைக்கு இந்த டப்பாவை விக்கலாமுங்க.”

“பழைய பல்புக்கு எதுக்குப் புது டப்பா?”

“தாத்தாவுக்கு எதுக்குங்க கூலிங்கிளாசு? பேரன் வாங்கிக் குடுத்திருப்பான்.”

ராமாமணி சிரிக்கவில்லை. அவன் ஏதோ பெரிதாகச் சொல்லிவிட்ட மாதிரி அவனையே பார்த்தாள். “வண்டியை எடு. அந்த முக்குக்குப் போகோணும்.”

முக்கில் தூங்குமூஞ்சி மரத்தடியில் சுப்பாத்தாள் கொய்யாப்பழத் தள்ளுவண்டி போட்டிருந்தாள். போலீஸில் சாட்சி சொன்னவள் அவள்தான். சாமுவேல் ஸ்கூட்டரை நிறுத்துவதற்குள் ஒரு பழத்தை எடைபோட ஆரம்பித்துவிட்டாள்.

“பழம் இனிக்குமுங்களா?” என்றான் சாமுவேல்.

“இனிக்காட்டி மூஞ்சியில வீசிப்போட்டுப் போ, கண்ணு.”

“எம்பட மூஞ்சியிலயா, உங்க மூஞ்சியிலயா?”

“உன்ற மூஞ்சியிலதான். வாங்குனது நீதான?”

ராமாமணி பழத்தை வாங்கி, மரத்தடிக் கல்லில் உட்கார்ந்து, நிதானமாகத் தின்றாள். பாதி தின்ற பிறகுதான் அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிக் கேட்டாள். சுப்பாத்தாளின் முகம் வாடிப்போயிற்று.

“எத்தனை தடவைங்க சொல்றது? நான் கார் போறதைப் பின்னால இருந்து பார்த்தேனுங். ரெண்டு பக்கமும் மினுக்கிச்சுங். ரெண்டும் மினுக்குனா நேராப் போறாங்கன்னுதானுங்களே அர்த்தம்? இந்த முக்குல எல்லா வேனும் லாரியும் அப்படித்தான் போகுது. அந்தத் தம்பியும் அதைப் பார்த்துப்போட்டுத்தான், சந்தோசமா ரெண்டு ஆரன் அடிச்சுட்டு முந்துனாரு. இவரு சட்டுனு வலப்பக்கம் ஒடிச்சுப்போட்டாருங்.”

“உறுதியா ரெண்டு பக்கமும்?”

“என்ற கண்ணு ரெண்டும் நல்லாத்தானுங்க இருக்குது. அதும் அந்த லைட்டை மறக்க முடியாதுங். சாதா லைட்டு மாதிரி இல்லீங். பொட்டுப் பொட்டா, தேர் நோம்பிக்குக் கோயில்ல போடுற சீரியல் செட்டு மாதிரி. என்ன அழகுன்னு நெனைச்சுட்டு நின்னேன். நெனைச்சு முடிக்கலீங்...” அவள் தராசுத் தட்டைத் துடைத்தாள். துடைத்த தட்டையே மறுபடி துடைத்தாள்.

ராமாமணி எழுந்து அவளருகே போய் நின்றாள். “அப்புறம் என்னம்மா செஞ்சீங்க?”

“ஓடிப்போயி தலையை மடியில வெச்சுக்கிட்டேனுங். தண்ணி குடுத்தேன். ஒரு வாய் குடிச்சாரு.” சுப்பாத்தாள் குரலைத் தாழ்த்திக்கொண்டு இன்னும் ஏதோ சொன்னாள். சாமுவேலுக்கு அது கேட்கவில்லை. ராமாமணியின் கண்கள் நிறைந்ததை மட்டும் பார்த்தான்.

“இதை யாருகிட்டயாச்சும் சொன்னீங்களா?”

“யாரும் கேக்கலீங்களே. சிக்னலைப் பத்தித்தானுங்க எல்லாரும் கேட்டாங்க.”

ஸ்கூட்டருக்குத் திரும்பும்போது ராமாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள். “சாமு, அந்தக் கார் டாஷ்போர்டுல என்னென்ன சுவிட்சு இருக்குது? யோசிச்சுச் சொல்லு.”

“லைட்டு, வைப்பரு, சோக்கு. ஸ்டியரிங்குல ஆரன். பக்கத்துல சிக்னல் குச்சி. அவ்வளவுதானுங்க. ஒரு பேன் இருக்குது, அது பாப்பாயம்மா கையால சுத்துனாத்தான் சுத்தும்.”

“ரெண்டு பக்கமும் சேர்ந்து மினுக்குற சுவிட்சு?”

சாமுவேல் கிக்கரில் வைத்த காலை எடுத்துவிட்டான். “இல்லீங்க்கா. அந்தக் காலத்துக் காருக்கு அது ஏது? புது வண்டிகளுக்குத்தான்...”

“அப்ப இல்லாத சுவிட்சை அவரு எப்படிப் போட்டாரு?”

“அப்படின்னா சுப்பாத்தா பொய் சொல்றாங்க.”

“மூஞ்சியில பழத்தை வீசச் சொல்ற பொம்பளை பொய் சொல்லாது. அவரு வலதுக்குத்தான் போட்டாரு. அந்தம்மா ரெண்டையும்தான் பார்த்துச்சு. ரெண்டு பேரும் சொல்றது நெசம். பொட்டுப் பொட்டா லைட்டுன்னு சொல்லுச்சே, நாம இப்பப் பார்த்தப்ப பொட்டு எங்கே போச்சு?”

“சாதா பல்புதானுங்க இருந்துச்சு.” சாமுவேல் மெதுவாக விசிலடித்தான். “லைட்டை மாத்திப்போட்டாரு.”

அப்புசாமி கிணற்றடி மோட்டார் ரூமில் இருந்தார். மோட்டார் ஓடவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தார். கோவிலுக்குப் போகிறவர் மாதிரி வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. நாலு மாதத்தில் கழுத்துப் பட்டி தளர்ந்து தொங்கியது. விருந்தாளிகளைப் பார்த்ததும் எழுந்து, தான் உட்கார்ந்திருந்த பலகையைத் துண்டால் தட்டிவிட்டார்.

“வாங்க அம்மணி, உக்காருங்க. தம்பி, எளநி வெட்டச் சொல்லட்டுங்களா? அவ சொல்லித்தானுங்க வந்திருக்கீங்க. எனக்கு ஒண்ணும் வேண்டாமுங். நான் செஞ்சதுக்கு நான் அனுபவிச்சாகோணும்.”

“பொட்டு லைட்டை எங்கே வெச்சிருக்கீங்க?” என்றாள் ராமாமணி.

அப்புசாமியின் கை துண்டோடு நின்றுவிட்டது. கிணற்றில் ஒரு தவளை குதிக்கும் சத்தம் கேட்டது.

“எந்த லைட்டுங்க?”

“உங்க மாப்பிள்ளை அவரு கையால செஞ்சு குடுத்தது. டாஷ்போர்டுக்கு அடியில மஞ்சள் டேப்பு சுத்துன டப்பாவைக் கழட்ட மறந்துட்டீங்க.”

அவர் உட்கார்ந்துவிட்டார். பலகையில் இல்லை, தரையில். சாமுவேல் தாங்கிப் பிடிக்கப் போனான். ராமாமணி வேண்டாம் என்று கண்ணால் காட்டினாள்.

“தீபாவளி நோம்பிக்கு மாமனாருதானுங்க மாப்பிள்ளைக்குச் செய்யோணும்” என்றார் அப்புசாமி. “எம்பட மாப்பிள்ளை எனக்குச் செஞ்சாருங். ‘மாமா, உங்க வண்டி சிக்னலு மண்ணெண்ணெய் விளக்காட்டம் இருக்குது, பின்னால வர்றவனுக்குத் தெரியோணுமில்ல’ன்னு. எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில வேலைங்களே, அங்கிருந்து எல்.இ.டி. வாங்கியாந்து, ஈயத்துல ஒண்ணொண்ணா பத்தவெச்சு... மொதல்ல மாட்டுனப்ப மினுக்கவே இல்லீங், அப்படியே நின்னு எரிஞ்சுச்சு. பழைய டப்பாவுக்கு இந்த லைட்டு பத்தாது, பெரிய பல்பா இருந்தாத்தான் அது சூடாகி மினுக்குமுன்னு சொல்லிப் புது டப்பா போட்டாரு. அன்னிக்கு இருட்டற வரைக்கும் நானும் அவரும் ஷெட்டுலதான். நான் குச்சியைப் போட, அவரு பின்னால நின்னு குழந்தையாட்டம் கையைத் தட்டுறாரு.”

அவர் துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார்.

“போலீசுல வண்டி குடுத்த அன்னிக்கு ஷெட்டுல வெச்சு வலதுக்குப் போட்டுப் பார்த்தேனுங். பின்னால செவுத்துல ரெண்டு பக்கமும் வெளிச்சம் வருது. ஒரு பக்கம் போட்டா ரெண்டும் மினுக்குது. அப்பத்தான் வெளங்குச்சு. அவரு செஞ்ச லைட்டே அவரை... இதை நான் எங்க புள்ளைகிட்டச் சொல்லோணுமா? ‘கண்ணு, உம்புருசன் ஆசையாச் செஞ்சதுல என்னமோ கோளாறாயிப் போச்சு, அதுலதான் போனாரு’ன்னு? என்னை வெறுத்தா அவளுக்குக் கோவத்துலயாச்சும் சோறு இறங்கும். அவரைப் போயி குத்தம் நெனைச்சா அவளுக்கு மிச்சம் என்னங்க இருக்குது?”

சாமுவேல் கிணற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டான். ராமாமணியோடு இருந்த நாலு வருஷத்தில் எத்தனையோ பொய்களைப் பார்த்திருக்கிறான். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

“வீசிப்போடலாமுன்னு கிணத்துக்கிட்ட வந்தேனுங். கை வரலீங்.” மோட்டார் பெட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்தார். உள்ளே, பழைய வேட்டித் துணியில் சுற்றி, இரண்டு சின்னப் பலகைகள். வரிசை வரிசையாக மஞ்சள் பொட்டுகள். ஒரு பொட்டுகூட வரிசை தப்பவில்லை.

ராமாமணி அதை இரண்டு கையாலும் வாங்கினாள், பிரசாதம் வாங்குவது போல. “இந்த லைட்டு தீபாவளியிலிருந்து நல்லா எரிஞ்சுதுங்களா?”

“அற்புதமா எரிஞ்சுதுங்.”

“ரெண்டு பக்கமும் மினுங்கல?”

“இல்லீங்.”

“அப்படின்னா கோளாறு அப்புறம் வந்தது. இடையில என்ன மாறுச்சு? யோசிங்க. முன்னால இருக்கற லைட்டும் இதே மாதிரிதானுங்களா?”

“இல்லீங், முன்னால சாதா பல்புதான். முன்னாலைக்குப் பொறவு செஞ்சு தாரேன்னாரு. அதுல இடப்பக்கத்துப் பல்பு மாசி மாசம் பீசு போயிருச்சு. போன்ல சொன்னேன். ‘ஞாயித்துக்கிழமை வாரேன் மாமா, மாட்டித் தாரேன்’னாரு. அதுக்குத்தானுங்க அன்னிக்கு வந்தாரு.” அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “கடையிலயே பல்பு கெடைக்குமுங். நானே மாட்டியிருக்கலாம். அதைச் சாக்கு வெச்சாவது ஊட்டுக்கு வருவாருன்னு... அன்னிக்கு அந்த முக்குல திரும்புனதுகூட அவருக்காகத்தானுங்க. அந்த ரோட்டுல பேக்கரி இருக்குது. சூடா தேங்காய் பன்னு போடுவான். மாப்பிள்ளைக்கு அதுன்னா உசுரு. வாரதுக்குள்ள வாங்கி வெச்சிரலாமுன்னு...”

அதற்கு மேல் அவரால் சொல்ல முடியவில்லை. சொல்லவும் தேவையில்லை. மாமனாரின் கார் வீட்டுக்குத்தான் நேராகப் போகும் என்று நினைத்து, பின்னால் இரண்டு விளக்கும் மினுங்குவதைப் பார்த்து, ஹாரன் அடித்துக்கொண்டு சந்தோஷமாக முந்தியிருக்கிறான் மருமகன்.

“அக்கா!” சாமுவேல் திடீரென்று தன் தலையில் தானே ஒரு தட்டுத் தட்டிக்கொண்டான். “முன் பல்புதானுங்க! அந்தப் பீசு போன பல்பு! ரேடியோ கடை முதலாளி என்னைத் திட்டுன திட்டு இன்னிக்குத்தான் பிரயோசனப்படுது. டாஷ்போர்டுல சிக்னல் போட்டாத் தெரியறதுக்கு ஒரே ஒரு குட்டி பல்பு இருக்குதுங்களே, ரெண்டு பக்கத்து ஒயரும் அதுலதான் வந்து சேருது. வலதுக்குப் போட்டா அது வழியாக் கொஞ்சூண்டு கரண்டு இடப்பக்கம் கசியும். முன்னாடி பல்பு இருந்த வரைக்கும் அந்தக் கசிவு அது வழியாவே இறங்கிப் போயிருக்கும். சாதா பல்பு அந்தக் கொஞ்சூண்டுக்கு எரியாது. யாருக்கும் தெரியாது. பல்பு போச்சு...”

“மடை அடைச்சுப்போச்சு” என்றார் அப்புசாமி, தலையைத் தூக்காமலே. “கசியற தண்ணி வேற பாத்திக்குப் போயிருக்கும்.”

“அதேதானுங்க! பின்னால இருக்கற பொட்டு லைட்டுக்கு ஒரு சொட்டுப் போதும். எரிஞ்சுரும்.”

ராமாமணி எழுந்தாள். “மாப்பிள்ளை செஞ்சதுல கோளாறு இல்லீங்க. பார்த்துப்போடலாம். சாமு, பல்பு வாங்கிட்டு வா.”

அப்புசாமி தயங்கினார். “பல்பு வாங்கோணுமுன்னு இல்லீங். ஆஸ்பத்திரியில குடுத்த கவருல ஒண்ணு இருக்குது. அவரு சட்டைப் பையில இருந்ததாம். ஆனா அது புள்ளை கையில இருக்குதுங்க. தொட உடமாட்டா.”

பாப்பாயிதான் உள்ளே போய்க் கேட்டாள். என்ன கேட்டாளோ, எப்படிக் கேட்டாளோ. அப்புசாமியை டிரைவர் சீட்டில் உட்கார வைத்து, சாமுவேல் பொட்டுப் பலகைகளைப் பின்னால் மாட்டி முடிக்கும்போது ஷெட் வாசலில் நிழல் விழுந்தது. நந்திதா நின்றாள். இருபத்தைந்து வயதுதான் இருக்கும். பயணத்துக்குக் கட்டிய சேலை. கையில் ஒரு கைக்குட்டை முடிச்சு.

“இது எதுக்கு வேணும்? எனக்குத் தெரியாம யாரும் இதைத் தொடக் கூடாது” என்றாள் ராமாமணியிடம். டிரைவர் சீட்டில் இருந்தவரை அவள் பார்க்கவில்லை.

“அம்மணி, வேண்டாமுங்க” என்று அப்புசாமி உள்ளிருந்து கெஞ்சினார். “அவ பஸ்ஸுக்கு நேரமாச்சு. போகட்டும். நான் கோர்ட்டுல சொல்றதைச் சொல்லிக்கறேன்.”

ராமாமணி ஒரு கணம் கண்ணை மூடினாள். உதடு அசைந்தது. மறைத்து வைத்த அன்பையும் திறந்து வைத்த உண்மையையும் ஒரே தட்டில் வைத்து எடைபோட மனிதரால் முடியாது என்பது அவளுக்குத் தெரியும். அதனால் அந்தத் தராசை அவள் தன் கையில் எடுத்துக்கொள்ளவில்லை.

“நான் ஒண்ணும் சொல்லப் போறதில்லீங்க” என்றாள். “நீங்க வலதுக்குப் போடுங்க. உங்க மக பார்க்கட்டும்.”

அப்புசாமி இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தார். பிறகு குச்சி நகரும் சத்தம் கேட்டது.

பின்னால் இரண்டு பக்கமும் பொட்டுப் பொட்டாக மினுங்கின. பின்சுவர் முழுவதும் மஞ்சளாகி இருண்டது. நந்திதா ஓரடி பின்னால் எடுத்து வைத்தாள்.

“எதுக்கு ரெண்டு பக்கமும் போடறாரு?”

“போடலைங்க” என்றான் சாமுவேல். “வந்து பாருங்க. குச்சி வலதுலதான் இருக்குது. ரெண்டையும் சேர்த்துப் போட இந்த வண்டியில சுவிட்சே கெடையாது.”

அவள் வந்து பார்த்தாள். குச்சியைப் பார்த்தாள். அதைப் பிடித்திருந்த, நரம்பு புடைத்த கையைப் பார்த்தாள். “இது அவரு செஞ்ச லைட்டு” என்றாள். குரல் எங்கோ உள்ளே போய்விட்டிருந்தது. “அப்படின்னா... அவரு செஞ்சதாலயா?”

“அதுக்குத்தான் உன்கிட்ட இருக்கறது வேணும் கண்ணு” என்றாள் ராமாமணி.

நந்திதா கைக்குட்டையின் முடிச்சில் விரல் வைத்தாள். அவிழ்க்க வரவில்லை. பல்லால் கடித்து அவிழ்த்தாள். உள்ளே ஒரு சின்னப் பல்பு. தார் ரோட்டில் அத்தனை வேகமாக விழுந்தவனின் சட்டைப் பையில், ஒரு கீறல்கூட இல்லாமல் பிழைத்திருந்தது.

சாமுவேல் அதை முன்பக்கம் இடது மூடிக்குள் வைத்துத் திருகினான். வாழ்க்கையில் ஒரு பல்பை இவ்வளவு மெதுவாக அவன் மாட்டியதில்லை. வழக்கமாக இந்த இடத்தில் அவன் ஏதாவது சொல்லுவான். “போடுங்க” என்று மட்டும் சொன்னான்.

வலது பக்கம் மினுங்கியது. இடது பக்கம் இருண்டே இருந்தது. மறுபடி. மறுபடி. வலது மட்டும்.

“அவரு செஞ்சதுல குத்தமில்ல” என்றாள் ராமாமணி. “முன்னால ஒரு பல்பு பீசு போனதுல வந்த வினை. அதையும் சரி பண்ணத்தான் கையில எடுத்துட்டு வந்திருக்காரு. உங்கப்பா வலதுக்குத்தான் போட்டாரு. உங்க ஊட்டுக்காரரு மேல உனக்கு மனசு சங்கடம் வந்துரக் கூடாதுன்னு இத்தனை நாளா இல்லைன்னு பொய் சொல்லியிருக்காரு. வக்கீல்கிட்ட நான் பேசிக்கறேன். இன்னொண்ணு. கொய்யாப்பழக்காரம்மாகிட்ட யாரும் கேக்காம உட்டது ஒண்ணு இருக்குது. தண்ணி குடிச்சுட்டு அவரு ஒரே வார்த்தை பேசியிருக்காரு. ‘மாமாவுக்கு ஒண்ணும் ஆகலீங்களே?’ன்னு கேட்டாராம்.”

அப்புசாமியின் நெற்றி ஸ்டியரிங்கில் போய்ச் சாய்ந்தது. சத்தம் வரவில்லை, முதுகு மட்டும் குலுங்கியது. பாப்பாயி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

நந்திதா அழவில்லை. காரின் பின்னால் போய் நின்றாள். அவள் முகம் மஞ்சளாவதும் மறைவதுமாக இருந்தது. சத்தியமங்கலம் பஸ் போகும் நேரம் வந்து, போயும் விட்டது. பிறகு மெதுவாகச் சுற்றிக்கொண்டு, நசுங்கிய கதவுப் பக்கமாக வந்தாள். ஜன்னலில் கை வைத்தாள்.

“அப்பா.”

அவர் நிமிர்ந்தார்.

“எத்தனை நேரமுங்கப்பா இப்படியே எரிய உடுவீங்க? பேட்டரி எறங்கீரும். அவரு வந்தா சத்தம் போடுவாரு.”

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது அவள் காதில் விழுந்தது. ஜன்னலைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்தன. திரும்பி, நசுங்கிய கதவில் முதுகு உரச, அப்படியே மண்ணில் சரிந்தாள்.

அப்புசாமி மறுபக்கக் கதவைத் திறந்து இறங்கி ஓடிவந்தார். மண்ணில் உட்கார்ந்து மகளின் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டார். சாவி அவர் கையில் இருந்தது.

“ஆஃப் பண்ணீட்டேன் கண்ணு” என்றார். “இதோ பாரு, ஆஃப் பண்ணீட்டேன்.”